பெயரும் தலைப்பும் கண்ணை விட்டு அகலாமல்: மதிப்பெண் தாளில் ஃப்ரீஸ், ஸ்ப்ளிட்

இரண்டாம் பருவத் தேர்வு முடிந்து ஏழாம் வகுப்பு மதிப்பெண்களை எக்செலில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அறிவியல் விடைத்தாள் கட்டு சக ஆசிரியர் கையில், விசைப்பலகை என் கையில். அவர் மதிப்பெண்ணை மட்டும் வாசிப்பார், நான் தட்டிவிட்டு எண்டர் அழுத்துவேன். 42 பேர் கொண்ட வகுப்பு. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிட்டது. கடைசி வரிசை மட்டும் காலியாக நின்றது. "அன்னைக்கு ஒருத்தர் பரீட்சைக்கு வரலையே டீச்சர், அதுதான்" என்றார் அவர். நானும் அந்த வரிசையில் 'வரவில்லை' என்று போட்டுக் கோப்பை மூடிவிட்டேன்.

அந்தத் தாளை வைத்துத்தான் மெல்லக் கற்போருக்கான மாலை வகுப்புப் பட்டியல் தயாரானது. பட்டியல் ஒட்டிய மறுநாள் வருகைப் பதிவேட்டில் 23ஆம் எண்ணில் உள்ள மாணவி என்னிடம் வந்து நின்றாள். கையில் திருத்திய அறிவியல் விடைத்தாள். "டீச்சர், எனக்கு 51தானே போட்டிருக்கீங்க? லிஸ்ட்ல என் பேரு இருக்கு. வீட்ல அப்பா திட்டுனாங்க." கோப்பைத் திறந்து பார்த்தேன். அவள் வரிசையில் 14 என்று இருந்தது.

ஒரு தட்டச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். 14ஐ அழித்து 51 என்று மாற்றக் கை போனபோதுதான் அதற்கு நேர் மேல் வரிசையில், 22ஆம் எண் மாணவனுக்கு, 51 இருப்பதைக் கவனித்தேன். அவளுடைய மதிப்பெண் அவளுக்கு முந்தியவன் வீட்டில் குடியிருந்தது. மேலே மேலே போய்ப் பார்த்தால், பிழை தொடங்கிய இடம் 17ஆம் எண். தேர்வுக்கு வராதது அந்தப் பிள்ளைதான். அவனுக்கு விடைத்தாள் இல்லை என்பதால் வாசித்தவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார். நான் 18ஆம் எண்ணின் மதிப்பெண்ணை 17இல் தட்டிவிட்டேன். அதிலிருந்து கடைசி வரை 26 வரிசைகள் தடம் மாறிவிட்டன. வராத பிள்ளைக்கு மதிப்பெண் வந்தது, தேர்வு எழுதிய 42ஆம் எண் மாணவன் 'வரவில்லை' ஆனான்.

இருவரில் யாரும் கவனக்குறைவானவர்கள் இல்லை. பின் ஏன் தெரியாமல் போனது? அறிவியல் தொகுத்தறி மதிப்பெண் இருந்த நெடுவரிசை தாளின் வலப்பக்கம் வெகுதூரத்தில் இருந்தது. அங்கே போனபோது பெயர்கள் திரையின் இடப்பக்கம் மறைந்துவிட்டன. நான் யாருக்கு மதிப்பெண் போடுகிறேன் என்பதே என் கண்ணுக்குத் தெரியவில்லை. எண்களுக்குக் கீழே எண்களாகத் தட்டிக்கொண்டு போனேன். இதைத் தடுக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இரண்டு சொடுக்குத் தூரத்தில் இருந்தது. ஃப்ரீஸ் பேன்ஸ் என்று அதற்குப் பெயர்.

தாளின் அமைப்பு

விளக்கத்துக்கு அந்த ஏழாம் வகுப்புத் தாளையே எடுத்துக்கொள்வோம். குறுக்காகப் போவதை வரிசை என்றும், மேலிருந்து கீழாக இறங்குவதை நெடுவரிசை என்றும், இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கட்டம் என்றும் இங்கே சொல்கிறேன். செல் என்று நாம் பேச்சில் சொல்வதும், மேல்நிலை வகுப்புக் கணினிப் பாடநூல் நுண்ணறை என்பதும் இந்தக் கட்டத்தைத்தான்.

முதல் வரிசையில் பள்ளி, வகுப்பு, பருவம். இரண்டாம் வரிசையில் பாடங்களின் பெயர். மூன்றாம் வரிசையில் ஒவ்வொரு பாடத்துக்கும் வளரறி (அ) 20, வளரறி (ஆ) 20, வளரறி மொத்தம் 40, தொகுத்தறி 60, பாட மொத்தம் 100, தரநிலை என ஆறு தலைப்புகள். நான்காம் வரிசையிலிருந்து மாணவர்கள். ஏ நெடுவரிசையில் வரிசை எண், பி-யில் எமிஸ் எண், சி-யில் பெயர். டி-யில் மதிப்பெண்கள் தொடங்குகின்றன. ஐந்து பாடங்களுக்கு ஆறு வீதம் 30 நெடுவரிசைகள், அதாவது டி முதல் ஏஜி வரை. அறிவியல் தொகுத்தறி மதிப்பெண் விழுவது ஒய் நெடுவரிசையில். ஒரு சாதாரண மடிக்கணினித் திரையில் இவ்வளவும் ஒரே நேரத்தில் தெரியாது. எழுத்தைச் சிறிதாக்கித் தெரியவைத்தால் கண்ணுக்குக் கேடு.

எனவே நமக்கு வேண்டியது, எங்கே நகர்ந்தாலும் முதல் மூன்று வரிசைகளும் முதல் மூன்று நெடுவரிசைகளும் திரையில் அப்படியே நிற்க வேண்டும் என்பது. செய்யும் முறை இதுதான்: கண்ட்ரோலும் ஹோமும் அழுத்தித் தாளின் தொடக்கத்துக்கு வாருங்கள். டி4 கட்டத்தைச் சொடுக்குங்கள். மேலே வியூ தாவலில் ஃப்ரீஸ் பேன்ஸ் என்ற பொத்தானை அழுத்தினால் மூன்று தெரிவுகள் விரியும். அதில் முதலாவதாக உள்ள ஃப்ரீஸ் பேன்ஸையே தேர்ந்தெடுங்கள். மூன்றாம் வரிசைக்குக் கீழே ஒரு மெல்லிய கோடும், சி நெடுவரிசைக்கு வலப்பக்கம் ஒரு மெல்லிய கோடும் தோன்றும். இப்போது ஏஜி45 வரை நகர்ந்து பாருங்கள். கடைசி மாணவனின் பெயர் இடப்பக்கமும், சமூக அறிவியல் தரநிலை என்ற தலைப்பு மேலேயும் தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

எந்தக் கட்டத்தைச் சொடுக்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். நிறுத்த வேண்டிய தலைப்பையே சொடுக்கிவிடுகிறோம். சொடுக்கிய கட்டம் உறையாது. அதற்கு மேலே உள்ள வரிசைகளும் அதற்கு இடப்பக்கம் உள்ள நெடுவரிசைகளும் மட்டுமே உறையும். அதாவது, எந்தக் கட்டத்திலிருந்து தாள் நகர வேண்டுமோ அதைச் சொடுக்க வேண்டும். முதல் மாணவரின் முதல் மதிப்பெண் விழும் கட்டம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் எந்தத் தாளுக்கும் பொருந்தும். தலைப்பு வரிசைகள் மட்டும் நின்றால் போதும் என்றால் ஏ4. பெயர் நெடுவரிசை மட்டும் நின்றால் போதும் என்றால் டி1.

விரிந்த பட்டியலில் மற்ற இரண்டும் ஃப்ரீஸ் டாப் ரோ, ஃப்ரீஸ் ஃபர்ஸ்ட் காலம் என்பவை. பார்க்க எளிதாக இருப்பதால் நம்மில் பலர் இவற்றைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். நம் தாளில் முதல் வரிசை பள்ளியின் பெயர், முதல் நெடுவரிசை வெறும் வரிசை எண். டாப் ரோ கொடுத்தால் பள்ளியின் பெயர் மட்டும் கம்பீரமாக நிற்கும், பாடத் தலைப்புகள் மேலே ஓடிவிடும். தவிர, இவை இரண்டும் ஒன்றாக நிற்பதில்லை. டாப் ரோ கொடுத்துவிட்டு அடுத்து ஃபர்ஸ்ட் காலம் கொடுத்தால் முன்னது நீங்கிவிடும். தலைப்பு ஒரே வரிசையில் உள்ள சிறிய தாளுக்கு இவை போதும். நம் மதிப்பெண் தாளுக்குப் போதாது.

உறைந்ததை நீக்க அதே இடத்தில் அன்ஃப்ரீஸ் பேன்ஸ் என்று மாறியிருக்கும், அதை அழுத்தினால் போதும். வேறு கட்டத்தில் உறையவைக்க விரும்பினாலும் முதலில் நீக்கிவிட்டுத்தான் மறுபடி செய்ய வேண்டும். சுட்டியைத் தொடாமல் செய்ய விரும்புவோர் ஆல்ட், டபிள்யூ, எஃப், எஃப் என்று ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். இன்னொரு சிறு வசதியும் உண்டு. உறையவைத்த தாளில் கண்ட்ரோல் ஹோம் அழுத்தினால் ஏ1க்குப் போகாமல் நேரே டி4க்கு, அதாவது முதல் மதிப்பெண்ணுக்கு, வந்து நிற்கும்.

தடுமாறும் இடங்கள்

டி4இல் செய்யாமல் ஏ1இல் நின்றுகொண்டு ஃப்ரீஸ் பேன்ஸ் கொடுத்துவிட்டால் எக்செல் குழம்பாது, நாம்தான் குழம்புவோம். மேலேயும் இடப்பக்கமும் உறையவைக்க ஒன்றும் இல்லாததால் திரையின் நடுவாகப் பார்த்து நான்காக வகுத்து உறையவைத்துவிடும். பாதித் திரை நகராமல் நிற்கும். அன்ஃப்ரீஸ் கொடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இதைவிடப் பயமுறுத்துவது இன்னொன்று. உறையவைக்கும்போது தாள் சற்று நகர்ந்திருந்து, திரையின் மேல் விளிம்பில் மூன்றாம் வரிசை இருந்தால், 1, 2 வரிசைகள் கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். எவ்வளவு மேலே நகர்த்தினாலும் வராது. 'தலைப்பு அழிந்துவிட்டது' என்று புதிதாக ஒரு தலைப்பு வரிசையைச் செருகிய கோப்புகளையும் பார்த்திருக்கிறேன். அழியவில்லை. நீக்கிவிட்டு, மேலே போய், மறுபடி உறையவைத்தால் எல்லாம் அங்கேயே இருக்கும். கண்ட்ரோல் ஹோமில் தொடங்கச் சொன்னது இதனால்தான்.

உறையும் பகுதி திரையை விழுங்கிவிடுவதும் உண்டு. எமிஸ் எண் நீளமானது, பெயரும் நீளமானது. மூன்றையும் நிறுத்தினால் சிறிய திரையில் மதிப்பெண்ணுக்கு நாலைந்து நெடுவரிசைகள்தான் மிஞ்சும். நான் இப்போது பெயரை பி-யிலும் எமிஸ் எண்ணைத் தாளின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறேன். உறைவது வரிசை எண்ணும் பெயரும் மட்டும். அப்போது சொடுக்க வேண்டியது சி4. கேட்கும் படிவத்தில் எமிஸ் எண் முதலில் வர வேண்டும் என்றால், பி-யை மறைத்து வைத்துக்கொண்டு பதிந்துவிட்டு, அனுப்பும் முன் வெளிக்காட்டிவிடலாம்.

சில நேரம் ஃப்ரீஸ் பேன்ஸ் பொத்தான் மங்கலாக இருந்து அழுத்த வராது. ஏதாவது ஒரு கட்டத்துக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். எண்டரோ எஸ்கேப்போ அழுத்தினால் விடுபடும். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்த கோப்பு என்றால் மேலே மஞ்சள் பட்டை தெரியும், அதில் எனேபிள் எடிட்டிங் கொடுக்க வேண்டும். வியூ தாவலில் பேஜ் லேஅவுட் தேர்வாகியிருந்தால் நார்மலுக்கு மாற்ற வேண்டும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஃப்ரீஸ் என்ற சொல்லால் வரும் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். இணையதளப் பதிவுகளில் 'ஃப்ரீஸ் பண்ணியாச்சு' என்றால் இனித் திருத்த முடியாது என்று நாம் பொருள் கொள்கிறோம். எக்செலில் அப்படி இல்லை. உறைந்த பெயரையும் தலைப்பையும் யார் வேண்டுமானாலும் அழிக்கலாம், மாற்றலாம். உறைவது காட்சி மட்டுமே, உள்ளே இருப்பது அல்ல. பிறர் கை வைக்காமல் காக்க ரிவியூ தாவலில் உள்ள புரொடெக்ட் ஷீட் என்ற வேறு வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

அந்தத் தாளைச் சரிசெய்த விதம்

26 பேரின் மதிப்பெண்ணையும் மறுபடி தட்டுவதா என்று மலைத்தேன். 17ஆம் எண் மாணவனின் வரிசை தாளில் 20. அங்கே ஒரு காலிக் கட்டத்தைச் செருகி, மற்றதைக் கீழே தள்ளிவிடலாம் என்று தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் பிழை வேறு இடத்துக்குப் போயிருக்கும். பக்கத்தில் பாட மொத்தத்துக்குச் சூத்திரம் இருக்கிறது. கட்டத்தைத் தள்ளினாலும், கட் செய்து ஒட்டினாலும், அந்தக் கட்டத்தைச் சுட்டும் சூத்திரமும் அதைத் துரத்திக்கொண்டு போகும். 20ஆம் வரிசையின் மொத்தம் 21ஆம் வரிசையின் தொகுத்தறி மதிப்பெண்ணைக் கூட்டத் தொடங்கிவிடும்.

எனவே ஒய்20 முதல் ஒய்44 வரை தெரிவுசெய்து, கட் செய்யாமல் காப்பி செய்து, ஒய்21இல் ஒட்டினேன். சூத்திரங்கள் அவற்றின் இடத்திலேயே நின்றன. எல்லாம் ஒரு வரிசை கீழே இறங்கின, கடைசியில் இருந்த 'வரவில்லை' மேல் 42ஆம் எண் மாணவனின் மதிப்பெண் வந்து உட்கார்ந்தது. ஒய்20இல் இருந்த மதிப்பெண்ணை அழித்தேன். பிறகு பெயர்களை உறையவைத்துக்கொண்டு, விடைத்தாள் கட்டை மறுபடி எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். இந்த முறை அவர் பெயரையும் மதிப்பெண்ணையும் சேர்த்து வாசித்தார். மாலை வகுப்புப் பட்டியலில் ஒருவர் பெயர் மட்டுமா மாறியது? நான்கு பெயர்கள் போயின, மூன்று பெயர்கள் வந்தன. வந்த மூவரில் ஒருவன் உண்மையாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுபவன். முதல் பட்டியலில் அவன் இல்லாதது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

கூகுள் ஷீட்ஸில், கால்க்கில்

பல பள்ளிகளில் இப்போது ஒரே கூகுள் ஷீட்டைப் பாட ஆசிரியர்கள் எல்லோரும் பகிர்ந்து நிரப்புகிறோம். அதில் வியூ பட்டியில் ஃப்ரீஸ் என்பதற்குள் போனால் வரிசைகளுக்கும் நெடுவரிசைகளுக்கும் தனித்தனியாகத் தெரிவுகள் இருக்கும். மூன்றாம் வரிசையில் நின்றுகொண்டு 'அப் டு ரோ 3' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சி நெடுவரிசையில் நின்றுகொண்டு 'அப் டு காலம் சி'. எக்செலில் உறைவதற்கு அடுத்த கட்டத்தில் நிற்கிறோம், இங்கே உறைய வேண்டிய கடைசி வரிசையிலேயே நிற்கிறோம். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துவோர் தடுமாறும் இடம் இது. தாளின் இடப்பக்க மேல் மூலையில் உள்ள தடித்த சாம்பல் கோட்டைப் பிடித்து இழுத்துவிட்டாலும் உறையும்.

அப்படி இழுக்கும்போது நெடுவரிசை உறைய மறுத்தால் காரணம் பெரும்பாலும் நம் முதல் வரிசைதான். பள்ளியின் பெயரை அழகாக நடுவில் கொண்டுவர ஏ1 முதல் ஏஜி1 வரை மெர்ஜ் செய்து வைத்திருப்போம். இணைந்த கட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் உறையவைக்க கூகுள் ஷீட்ஸ் ஒப்புக்கொள்ளாது. மெர்ஜை நீக்கிவிட்டு ஏ1இல் பெயரை எழுதினால் போதும், பக்கத்துக் கட்டங்கள் காலியாக இருந்தால் எழுத்து தானாக நீண்டு தெரியும். மெர்ஜ் செய்யும் ஆசையை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. மதிப்பெண்ணை வரிசைப்படுத்தும்போதும் அது குறுக்கே நிற்கிறது.

வரிசைப்படுத்துவதிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கூகுள் ஷீட்ஸில் தாள் முழுவதையும் ஒரு நெடுவரிசையின்படி வரிசைப்படுத்தினால் உறைந்த வரிசைகள் அசையாது. உறையவைக்காமல் வரிசைப்படுத்தினால் தலைப்பும் மாணவர்களோடு கலந்து எங்கோ போய்விடும். எக்செலில் உறைவுக்கும் வரிசைப்படுத்தலுக்கும் தொடர்பே இல்லை. அங்கே தலைப்பு எது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும், அல்லது நான்காம் வரிசையிலிருந்து மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்த வேண்டும்.

கைப்பேசிச் செயலியிலும் இது முடியும். வரிசை எண்ணையோ நெடுவரிசை எழுத்தையோ அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் ஃப்ரீஸ் இருக்கும். பெயர் நெடுவரிசை பாதித் திரையை அடைத்துக்கொள்ளும் என்பதால் கைப்பேசியைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லிப்ரே ஆபீஸ் கால்க்கில் எக்செலைப் போலவே டி4இல் நின்று, வியூ பட்டியில் ஃப்ரீஸ் ரோஸ் அண்ட் காலம்ஸ் கொடுக்க வேண்டும். மறுபடி அதையே அழுத்தினால் நீங்கும். பதினோராம் வகுப்புப் பாடநூலில் வரும் ஓப்பன் ஆபீஸ் கால்க்கில் இதே வசதி விண்டோ பட்டியில் ஃப்ரீஸ் என்று இருக்கிறது.

ஸ்ப்ளிட் எதற்கு?

பேன் என்றால் ஜன்னலின் கண்ணாடிப் பலகம். நான்கு பலகங்கள் உள்ள ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் வெளியே இருப்பது ஒரே மைதானம்தான். ஸ்ப்ளிட் செய்வதும் அப்படி ஒரே தாளைப் பல பலகங்கள் வழியாகப் பார்ப்பது. ஃப்ரீஸில் ஒரு பகுதி அசையாது. ஸ்ப்ளிட்டில் எல்லாப் பலகங்களையும் நகர்த்தலாம். எனவே தலைப்பை நிறுத்த ஃப்ரீஸ், தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களை அருகருகே வைத்து ஒப்பிட ஸ்ப்ளிட்.

எனக்கு இது பயன்பட்டது பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் சரிபார்க்கும்போது. எல்லாப் பிரிவுகளும் ஒரே தாளில். 18ஆம் வரிசையில் உள்ள மாணவிக்கும் 131ஆம் வரிசையில் உள்ள மாணவிக்கும் ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து. ஒருத்தியின் பிறந்த தேதியும் தந்தை பெயரும் மற்றவள் வரிசையில் ஏறியிருக்குமோ என்று சந்தேகம். மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்டால் அதைத் திருத்தப் பெற்றோர் அலைய வேண்டிவரும். மேலே போய் ஒன்றைப் பார்த்து, மனத்தில் வைத்துக்கொண்டு, கீழே இறங்கி மற்றதைப் பார்ப்பதற்குள் தேதி மறந்துவிடுகிறது.

ஏ நெடுவரிசையில், திரையின் நடுவாக உள்ள ஒரு கட்டத்தைச் சொடுக்கி, வியூ தாவலில் ஸ்ப்ளிட் கொடுங்கள். திரை மேல், கீழ் என இரண்டாகும். மேல் பலகத்தில் 18ஆம் வரிசையை நிறுத்திவிட்டு, கீழ்ப் பலகத்தில் 131ஐக் கொண்டுவாருங்கள். இப்போது வலப்பக்கம் நகர்த்தினால் இரண்டு பலகங்களும் சேர்ந்தே நகரும். பிறந்த தேதிக்கு நேர் கீழே பிறந்த தேதி, தந்தை பெயருக்கு நேர் கீழே தந்தை பெயர். சேர்க்கைப் பதிவேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டால் சில நிமிட வேலை. முதல் வரிசையில் உள்ள ஒரு கட்டத்தில் நின்று கொடுத்தால் இடம், வலம் எனப் பிரியும், நடுவில் எங்காவது நின்றால் நான்காகப் பிரியும். பிரிக்கும் பட்டையை இழுத்து இடம் மாற்றலாம், அதை இருமுறை சொடுக்கினால் மறைந்துவிடும். பலகம் விட்டுப் பலகம் போக எஃப்6.

ஓர் எச்சரிக்கை. இரண்டு பலகங்களிலும் ஒரே வரிசை தெரியலாம். ஒரு முறை சக ஆசிரியர் ஒருவர் 'இந்தப் பையன் பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது' என்று கீழ்ப் பலகத்தில் உள்ளதை நீக்கினார். மேலே இருந்ததும் காணாமல் போனது. இருந்தது ஒரே பையன்தானே! நல்லவேளை, கண்ட்ரோல் இசட் கைகொடுத்தது. எதையும் நீக்கும் முன் இடப்பக்க ஓரத்தில் உள்ள வரிசை எண்ணைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் எண் ஒன்றே என்றால் ஆளும் ஒன்றே.

எக்செலில் ஃப்ரீஸும் ஸ்ப்ளிட்டும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் இருக்காது. ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போக வேண்டும். ஒரே கோப்பின் இரண்டு வேறு தாள்களை, உதாரணமாக முதல் பருவத்தையும் இரண்டாம் பருவத்தையும், பக்கத்தில் வைத்துப் பார்க்க ஸ்ப்ளிட் உதவாது. வியூ தாவலில் நியூ விண்டோ கொடுத்து, பிறகு அரேஞ்ச் ஆல் கொடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் ஸ்ப்ளிட் கிடையாது. அதே கோப்பை உலாவியில் இரண்டு சாளரங்களாகத் திறந்துகொள்வதுதான் வழி.

அச்செடுக்கும்போது

திரையில் உறைந்த தலைப்பு எக்செலில் அச்சில் தானாக வராது. இரண்டாம் பக்கம் வெறும் எண்களாக வந்து, தலைமையாசிரியர் கையெழுத்துக்குப் போன பிறகு பேனாவால் தலைப்பு எழுதிய அனுபவம் பலருக்கும் இருக்கும். பேஜ் லேஅவுட் தாவலில் பிரிண்ட் டைட்டில்ஸ் திறந்து, ரோஸ் டு ரிப்பீட் அட் டாப் என்ற இடத்தில் முதல் மூன்று வரிசைகளையும், அதற்குக் கீழே உள்ள காலம்ஸ் டு ரிப்பீட் அட் லெஃப்ட் என்ற இடத்தில் ஏ முதல் சி வரையும் தெரிவுசெய்து ஓகே கொடுங்கள். எல்லாப் பக்கத்திலும் பெயரும் தலைப்பும் வரும். கூகுள் ஷீட்ஸில் அச்சு அமைப்பின் ஹெட்டர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ் பகுதியில் ரிப்பீட் ஃப்ரோசன் ரோஸ் என்பதில் குறி இருந்தால், உறைந்த வரிசைகளே எல்லாப் பக்கத்திலும் அச்சாகும்.

உறைவு அந்தந்தத் தாளுக்கு மட்டும் உரியது. கோப்போடு சேர்ந்து சேமிக்கப்படும் என்றாலும், அதே கோப்பில் புதிதாக ஒரு தாளைச் சேர்த்தால் அதில் இருக்காது. எனவே அடுத்த பருவத்துக்குப் புதிய தாள் திறக்காமல், முடிந்த பருவத்தின் தாள் பெயர் மேல் வலச் சொடுக்கு செய்து, மூவ் ஆர் காப்பி கொடுத்து, கிரியேட் எ காப்பி என்பதில் குறியிட்டு நகல் எடுங்கள். நகலில் உறைவும் அச்சுத் தலைப்பும் அப்படியே வந்துவிடும். பழைய மதிப்பெண்களை அழிக்கும்போது சூத்திரம் உள்ள நெடுவரிசைகளைத் தொடாதீர்கள். மூன்றாம் பருவத்துக்கு நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். வாசிப்பவர் பெயரோடு வாசிக்கிறார், தட்டுபவர் பெயரைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தட்டுகிறார். வராதவர் பெயருக்கும் ஒரு வெள்ளைத்தாளில் 'வரவில்லை' என்று எழுதி, அவர் எண் வரும் இடத்தில் விடைத்தாள் கட்டுக்குள் செருகி வைத்துவிடுகிறோம்.